பேக்ஹேண்டுக்கு இரண்டு கை வேண்டும்

பந்து பட்டதால் எனக்குப் புற்றுநோய் வரவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். சேலத்திலும் ராசிபுரத்திலும் எங்கள் சொந்தபந்தத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் கலாமணி. வயது நாற்பத்தேழு. என் கணவர் செல்வராஜுக்கு ராசிபுரம் பக்கம் கோழிப்பண்ணை. மகளின் படிப்புக்காகச் சேலம் ஃபேர்லேண்ட்ஸுக்கு வீடு மாறி வந்தோம். அவள் படிப்பு முடிந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். நாங்கள் திரும்பிப் போகவில்லை. என் கணவரைக் கேட்டால் ஆஸ்பத்திரி பக்கம், கடை பக்கம் என்று காரணம் சொல்வார். உண்மையான காரணம், வீட்டிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஒரு டென்னிஸ் மைதானம் இருந்ததுதான்.

டென்னிஸ் நான் மேட்டூரில் கற்றது. அப்பா அங்கே ரசாயன ஆலையில் ஃபிட்டர். குடியிருப்புக்குள் அதிகாரிகள் விளையாட ஒரு சிமெண்ட் தளம் இருந்தது. அவர்கள் ஐந்து மணிக்கு மேல்தான் வருவார்கள். பள்ளி விட்டதிலிருந்து ஐந்து மணி வரை அது எங்களுடையது. யாரோ வேண்டாமென்று போட்ட மட்டை ஒன்று என் கைக்கு வந்தது. பதினோரு வயதுப் பெண்ணுக்கு அது கனம் அதிகம். வலது பக்கம் வரும் பந்தை எப்படியோ ஒரு கையால் அடித்துவிடுவேன். இடது பக்கம் வந்தால் மட்டையைத் திருப்பவே முடியாது. அதனால் இடது கையையும் சேர்த்துப் பிடித்து அடித்தேன். பந்து வலையைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அன்றைக்குப் பிடித்த பிடிதான், முப்பத்தைந்து வருடமாக மாறவில்லை.

டென்னிஸ் தெரியாதவர்களுக்கு இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பின்னால் வரும் எல்லாமே இதைப் பொறுத்தது. வலது கைக்காரருக்கு இடது பக்கம் வரும் பந்தை அடிப்பதுதான் பேக்ஹேண்ட். சிலர் ஒரு கையால் அடிப்பார்கள். என்னைப் போல் இரண்டு கையால் அடிப்பவர்களுக்கு வலது கை மட்டைப் பிடியின் அடியில் இருக்கும், இடது கை அதற்கு மேலே இருக்கும். பார்ப்பவர்கள் வலது கை அடிக்கிறது, இடது கை துணைக்கு இருக்கிறது என்று நினைப்பார்கள். அது தப்பு. வலது கை வழிகாட்டும், அவ்வளவுதான். பின்னாலிருந்து மட்டையைத் தள்ளிக்கொண்டு வந்து, பந்தைச் சந்தித்து, வலது தோளுக்கு மேல் கொண்டுபோய் முடிப்பது இடது கையும் இடது தோளும். என்னுடைய நல்ல அடி அதுதான். வலது பக்கம் அடிக்கும் ஃபோர்ஹேண்ட் சுமார்.

என் இரட்டையர் கூட்டாளி நூர்ஜஹான், எனக்கு நூரு. சேலம் கடைவீதியில் அவர்களுக்கு ஜவுளிக்கடை. என்னைவிட ஆறு வயது சின்னவள். ஒன்பது வருடமாகச் சேர்ந்து ஆடுகிறோம். அவள் இடது பாதியில் நிற்பாள், நான் வலது பாதியில். நடுவில் வரும் பந்து என் பேக்ஹேண்டுக்கு வரும், அதனால் அது என்னுடையது. மாவட்டத்தில் எங்கள் வயதுப் பெண்கள் ஆடும் போட்டிகளில் எங்களை ஜெயிப்பவர்கள் உண்டு. ஆனால் சுலபமாக ஜெயித்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு மாசி மாதக் காலை. பயிற்சிக்காக நான் வலைக்கருகே நிற்க, நூரு பின்கோட்டிலிருந்து என் உடம்பைப் பார்த்து வேகமாக அடித்துக்கொண்டிருந்தாள். அப்படி அடிக்கச் சொன்னதே நான்தான். ஒரு பந்துக்கு மட்டையைக் கொண்டுவரத் தாமதமாகிவிட்டது. இடது மார்பில் நேராக வந்து பட்டது. நூரு மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு மீதிப் பயிற்சியையும் முடித்தோம்.

பட்ட இடம் நீலமாகி, பச்சையாகி, மூன்று வாரத்தில் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் குளிக்கும்போது கை வைத்துப் பார்த்தால் உள்ளே ஏதோ நின்றது. சுண்டைக்காய் அளவு. வலி இல்லை. அழுத்தினால் நகரவில்லை. இரத்தம் கட்டியிருக்கிறது, கரைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டே ஆறு வாரம் போக்கினேன். இந்த ஆறு வாரத்துக்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. இதைப் படிக்கும் பெண் யாருக்காவது இப்படி ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டால் நாளைக்கே போய்க் காட்டுங்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

கடைசியில் நூருவிடம்தான் முதலில் சொன்னேன். மறுநாளே என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அறுவை மருத்துவர் ஒரு பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு விரல்களால் நிதானமாகத் தடவிப் பார்த்தார். அக்குளையும் பார்த்தார். முகத்தில் எதுவும் காட்டவில்லை. "ரெண்டு டெஸ்ட் எடுத்துடலாங்க" என்றார்.

முதலாவது மேமோகிராம். மார்பகத்துக்கு எடுக்கும் எக்ஸ்ரே. இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்தி எடுப்பார்கள். வலிக்கும், ஆனால் வலி என்று சொல்லி முடிப்பதற்குள் விட்டுவிடுவார்கள். இரண்டாவது பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, தடித்த ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, ஒரு அரிசி நீளத்துக்குச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது. அந்தக் கருவி ஒவ்வொரு தடவையும் ஸ்டேப்ளர் அடிப்பது போல் ஒரு சத்தம் போடும். ஐந்து தடவை போட்டது.

பயாப்ஸி அன்றைக்கு நூரு வந்திருந்தாள். என் கணவரின் அக்கா சரசுவதியும் ராசிபுரத்திலிருந்து வந்திருந்தார். அவரை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். நான் உள்ளே இருந்த அரைமணி நேரம் அவர்கள் இரண்டு பேரும் வெளியே நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வந்தபோது நூரு இல்லை. கடையில் அவசரம் என்று போய்விட்டாள் என்றார் நங்கையா.

முடிவு வந்த அன்று நானும் என் கணவரும் மட்டும் போனோம். மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை.

"இது கேன்சர்தாங்க, கலாமணி. ரெண்டாம் கட்டம்."

எனக்கு அவருடைய மேசை மேல் இருந்த தேதிக் காலண்டர்தான் கண்ணில் பட்டது. அதில் இரண்டு நாள் தாள் கிழிக்காமல் இருந்தது. அதைக் கிழிக்க வேண்டும் என்று கை பரபரத்தது. என் கணவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கொணமாகுமுங்களா டாக்டர்?" என்று கேட்டார்.

"கொணப்படுத்தத்தான் வைத்தியம் பண்ணப்போறோம். சும்மா நாளைத் தள்ளறதுக்கு இல்லைங்க."

அந்த வாக்கியத்தை நான் பல மாதம் வைத்துக்கொண்டிருந்தேன். கீமோ நாட்களில் வாந்தி எடுத்துவிட்டு வாய் கொப்பளிக்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்ததும் நூருவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. நாலு நாள் ஆயிற்று. ஒன்பது வருடத்தில் நாலு நாள் பேசாமல் இருந்ததில்லை. நோய் என்றதும் விலகிவிட்டாளோ என்று நினைத்தேன். புற்றுநோய் என்ற சொல்லைக்கூட அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளாத எனக்கு அன்றைக்குத்தான் அழுகை வந்தது. என் கணவரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அன்னிக்கு அக்கா அந்தப் புள்ளகிட்ட ஏதோ சொல்லிப்போட்டா போலிருக்குது கலா" என்றார்.

"என்ன சொன்னாங்களாம்?"

"நீ அடிச்ச பந்துலதான் இவளுக்கு இப்பிடி ஆயிப்போச்சுன்னு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிவிட்டேன். "வண்டிய எடுங்க" என்றேன்.

கடைவீதியில் நூருவின் கடை மாடியில் புடவைகள் விரித்துக் கிடந்தன. வாடிக்கையாளர் யாரும் இல்லை. அவள் ஒரு புடவையை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நாலு நாளில் முகம் சுருங்கிப்போயிருந்தது.

"போன எடுக்க மாட்டியா நூரு?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எடுக்கறது, அக்கா? நான் அன்னிக்கு அவ்வளவு வேகமா அடிச்சிருக்கக் கூடாது."

"அடிக்கச் சொன்னது நானு."

"இருந்தாலும் அடிச்சது என் கைதானே. தொழுகைல நின்னாக்கூட அந்தச் சத்தம்தான் கேக்குது."

நான் எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. நான் அவளை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொல்வதாக நினைத்தாள். சரி, சொல்ல வேண்டியவர் சொல்லட்டும் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே வந்தேன். அன்று சாயங்காலம் மருத்துவர் முன்னால் அவளை உட்கார வைத்தேன்.

"டாக்டர், இவ அடிச்ச பந்து பட்டுத்தான் எனக்குக் கேன்சர் வந்துச்சுங்களா? இவகிட்டயே சொல்லுங்க."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அடிபட்டு யாருக்கும் மார்புல கேன்சர் வராதும்மா. இந்தக் கட்டி வருஷக்கணக்கா உள்ள வளந்துட்டு இருந்திருக்குது. பந்து பட்டது ரெண்டு மாசத்துக்கு முன்னால. அந்த வலியில இவங்க தொட்டுப் பார்த்தாங்க, கையில தட்டுப்பட்டுச்சு. அது படலைன்னா எப்பக் கண்டுபிடிச்சிருப்பாங்களோ, எனக்குத் தெரியாது."

நூரு தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். மருத்துவர் வெளியே காத்திருப்பவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் அவளை அழ விட்டார்.

வந்ததற்கு நான் இன்னொரு கேள்வியையும் கேட்டுவிட்டேன். அறுவை சிகிச்சையில் அக்குளில் உள்ள நிணநீர்க் கழலைகளை எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார். உடம்பில் ஊறும் நிணநீரை வடிகட்டும் சிறிய முடிச்சுகள் அவை. நோய் மார்பிலிருந்து வெளியே கிளம்பினால் முதலில் அங்கேதான் போய் நிற்கும். அவற்றை எடுத்தால் கை வீங்கலாம், தோளைத் தூக்க முடியாமல் போகலாம்.

"நான் டென்னிஸ் ஆடறனுங்க" என்றேன்.

"வலது கைலதானே ஆடறீங்க? இது இடது பக்கம். கவலைப்படாதீங்க."

நான் எழுந்து நின்றேன். என் மருத்துவக் கோப்பைச் சுருட்டி மட்டை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அந்தச் சின்ன அறையில், எடை பார்க்கும் எந்திரத்துக்கும் படுக்கைக்கும் நடுவில், ஒரு பேக்ஹேண்ட் அடித்துக் காட்டினேன். மெதுவாக இன்னொன்று அடித்தேன். எந்தக் கை தள்ளுகிறது என்று தொட்டுக் காட்டினேன். மருத்துவர் சிரிக்கவில்லை. என்னை மறுபடியும் அடிக்கச் சொல்லி, தோள்பட்டை எலும்பின் மேல் கை வைத்துப் பார்த்தார்.

"இங்க ரெண்டு நரம்பு போகுது. ஒண்ணு தோள்பட்டையை முதுகோட ஒட்டிப் பிடிச்சுக்கும். இன்னொண்ணு கையைப் பின்னால இழுக்கற தசைக்கு. எப்பவுமே அதைப் பாதுகாத்துத்தான் பண்ணுவேன். கழலைல முதல்ல ரெண்டு மூணை மட்டும் எடுத்து, நீங்க மயக்கத்துல இருக்கும்போதே சோதிச்சுப் பார்ப்போம். சுத்தமா இருந்தா மத்ததைத் தொட மாட்டேன். நோய் இருந்துச்சுன்னா எல்லாத்தையும் எடுத்தாகணும். உங்க கைக்காக நோயை விட்டுவைக்க மாட்டேன், கலாமணி."

"விட வேண்டாமுங்க. இருந்தா எடுத்துப்போடுங்க. நான் கேக்கறது ஒண்ணுதான். இவளுக்கு நாப்பத்தாறு வயசாச்சு, இனி இந்தக் கை எதுக்குன்னு நெனச்சு எடுத்துப்போடாதீங்க."

அவர் என் கோப்பை வாங்கி ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று அப்போது தெரியவில்லை. பிறகு ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். இரண்டு கை பேக்ஹேண்ட் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கீழே கோடு போட்டிருந்தார்.

அறுவை சிகிச்சைக்குக் காலையில் கொண்டுபோனார்கள். நோய் முதலில் போய்ச் சேரும் கழலை எது என்று கண்டுபிடிக்க மார்பில் ஒரு நீலச் சாயத்தை ஏற்றுவார்கள். அது நிணநீரோடு ஓடி முதல் கழலையை நீலமாக்கிவிடும். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது என் கணவர் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார்.

"எத்தன எடுத்தாங்க?" என்று கேட்டேன்.

அவருக்குப் பொய் சொல்ல வராது. "பதினாலு" என்றார். "மூணுல இருந்துச்சாம்."

மார்பகத்தை முழுதாக எடுக்கவில்லை, கட்டியையும் சுற்றிலும் கொஞ்சத்தையும் மட்டும் எடுத்திருந்தார்கள். அக்குளை முழுக்க எடுத்துவிட்டார்கள். நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாள் சிறுநீர் நீலமும் பச்சையுமாகப் போனது. அது சாயம்தான், பயப்பட வேண்டாம் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

விலாவிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து ஒரு பிளாஸ்டிக் குடுவையில் முடிந்தது. காயத்தில் ஊறும் நீர் அதில் சேரும். ஒரு நாளைக்கு முப்பது மில்லிக்குக் கீழே வந்தால்தான் குழாயை எடுப்பார்கள். என் கணவர் தினமும் காலையில் அதை அளந்து, பண்ணையில் முட்டை எண்ணிக்கை எழுதும் நோட்டிலேயே எழுதிவைத்தார். ஒரு பக்கத்தில் இரண்டாம் கொட்டகை, மூன்றாம் கொட்டகை, அதற்குக் கீழே 'கலா 110'. அது குறைந்துகொண்டே வர, இவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. ரவிக்கை போட முடியாததால் அவருடைய சட்டைகளைத்தான் ஒரு மாதத்துக்குப் போட்டுக்கொண்டேன். காலையில் பொத்தான் போட்டுவிடுவது அவர் வேலை.

நங்கையா தினமும் நாட்டுக்கோழி ரசம் வைத்து ராசிபுரத்திலிருந்து பேருந்தில் கொண்டுவந்தார். அவர்மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது. மூன்றாம் நாள் கேட்டேவிட்டேன்.

"நூருகிட்ட ஏனுங்க அப்பிடிச் சொன்னீங்க?"

அவர் ரசம் இருந்த தூக்குப்போசியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "வேற என்ன சாமி பண்ணுவேன்? நீ ஒரு கெட்டது பண்ணாத புள்ள. உனக்கு ஏன் வரோணும்? ஏதாவது ஒண்ணு காரணம் இருக்கோணுமல்ல."

"காரணம் இல்லீங்க. யாருக்கு வேணாலும் வருதுங்க. நூரு மேல போடாதீங்க."

மறுநாள் நூரு வந்திருந்தபோது ரசத்தை முதல் டம்ளர் ஊற்றி அவளிடம் நீட்டினார். "குடி கண்ணு, ஆறிப்போயிரும்" என்றார். நூரு வாங்கிக் குடித்தாள். மன்னிப்பு என்று எதுவும் கேட்கப்படவில்லை. அதன் பிறகு ரசத்தோடு தினமும் இரண்டு டம்ளர்கள் வந்தன.

பக்கத்துக் கட்டிலில் மேச்சேரியிலிருந்து பாப்பாத்தி என்று ஒரு பெண் இருந்தாள். என் வயதுதான். அவளுக்கு வலது பக்கம். முப்பது ஆடு வைத்திருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஒரு தாள் கொடுத்தார்கள். அறுவை செய்த பக்கத்துக் கையில் ஊசி போடக்கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, காயம் படக்கூடாது, கனமான எதையும் தூக்கக்கூடாது. செவிலி படித்துக் காட்டினாள். பாப்பாத்தி கடைசி வரை கேட்டாள்.

"தூக்கக்கூடாதுன்னா என்னங்க அர்த்தம்? ஆட்டுக்குட்டியத் தூக்கித்தானுங்க ஆகோணும். அது தானா வந்து தோள்ல ஏறிக்குமா?"

"வேற யாராச்சும் தூக்கட்டும்மா."

"வேற யாரு? நாந்தானுங்க அந்த வேற யாரு."

பாப்பாத்தி என்னைப் பார்த்து, "நீங்க என்ன தூக்குவீங்க?" என்று கேட்டாள். டென்னிஸ் என்றேன். அவள் டென்னிஸ் பார்த்ததில்லை. இடது கை தொங்கியபடி இருக்க வலது கையால் சைகை காட்டினேன். "ஓ, தொரட்டில குழை இழுக்கற மாதிரி" என்றாள். ஆட்டுக்குத் தழை பறிக்க நீளக் கழியை இரண்டு கையாலும் பிடித்து வளைத்து இழுப்பாள் அவள். தோள் வரை அதே வேலைதான்.

இயன்முறைச் சிகிச்சைக்கு வந்த திவ்யாதான் அந்தத் தாளை எங்களுக்கு விளக்கினாள். முப்பது வயதுகூட இருக்காது. "இப்ப உடனே தூக்கக் கூடாதுங்க. ஆனா என்னைக்குமே தூக்காம இருந்தா தோள் இறுகிப்போயிடும். கொஞ்சம் கொஞ்சமா பலம் ஏத்தலாம். கை வீங்குதான்னு அளந்துக்கிட்டே போகலாம்" என்றாள். "ஆடும் தூக்கலாம், டென்னிசும் ஆடலாம். நான் சொல்றப்ப." பாப்பாத்தி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

முதல் பயிற்சி சுவரில் விரல் ஏற்றுவது. சுவரைப் பார்த்து நின்று, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நண்டு மாதிரி மேலே ஊர்ந்து போக வேண்டும். முடிந்த இடத்தில் பென்சிலால் கோடு. முதல் நாள் என் கோடு என் மோவாய்க்கு நேராக நின்றது. மூன்று வாரத்தில் தலைக்கு மேல் போனது. பிறகு ஒருநாள் அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கு அடியில் ஒரு கயிறு இழுத்துக் கட்டியது போல் தெரிந்தது. கையை நீட்டினால் அது விறைத்துக்கொண்டு மேலே விடாது. கழலைகளை எடுத்த பிறகு சிலருக்கு நிணநீர்க் குழாய்கள் இப்படிச் சுருங்கிவிடுமாம். என் கோடு மறுபடியும் கண்ணுக்கு நேராக இறங்கியது. திவ்யா அதை நீவி நீவி இழுப்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் உள்ள கோட்டைத் திட்டுவேன். ஒன்றரை மாதம் ஆயிற்று அந்தக் கயிறு விட.

இடையில் கீமோ ஆரம்பமானது. நோய்க் கிருமி மாதிரி ஏதாவது இரத்தத்தில் ஒளிந்திருந்தால் அழிக்கும் மருந்து என்று நங்கையாவிடம் சொன்னேன். கிருமி இல்லை, நம் உடம்பின் செல்களே கட்டுப்பாடில்லாமல் பெருகுவது என்பதை அவருக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை. முதல் நான்கு தடவை சிவப்பு மருந்து. முடி இரண்டாவது வாரத்தில் தலையணையில் கிடந்தது. அதற்கு நான் அழவில்லை. மேட்டூரில் அம்மை கண்டபோதும் மொட்டையாகத்தான் இருந்தேன். அடுத்த மருந்துதான் மோசம். அது விரல் நுனிகளை மரக்கச் செய்தது. டம்ளரைப் பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். மட்டையை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். உறை போட்ட கையால் பிடித்தது போல் இருந்தது. மட்டையை மூலையில் சாய்த்துவிட்டேன்.

மறுநாள் மட்டையை மறுபடியும் எடுத்தேன். விரல் சொல்லாவிட்டால் கண் சொல்லட்டும். முன்கூட்டியே பிடியைப் பார்த்து வைத்துக்கொண்டு, அறைக் கண்ணாடி முன் நின்று பந்தில்லாமல் அடித்தேன். ஒரு நாளைக்குப் பத்து. அடுத்த வாரம் இருபது. மட்டை பாதி தூரம்தான் போனது. போன தூரம் போகட்டும் என்று விட்டேன்.

கதிர்வீச்சு மூன்று வாரம். வலிக்காது. தோல் மட்டும் வெயிலில் வெந்தது போல் கறுத்துவிடும். அதுவும் முடிந்து கொஞ்ச நாளில் என் கணவர் என்னைப் பண்ணைக்குக் கூட்டிப்போனார். ஒரு தொகுதிக் கோழிகளை அனுப்பிவிட்டுக் கொட்டகையைக் கழுவிக் காயப்போட்டிருந்தார்கள். முன்னால் சிமெண்ட் களம் காலியாகக் கிடந்தது. அவர் ஒரு வாளி நிறைய டென்னிஸ் பந்துகளோடு வந்து நின்றார். நூருவிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். திருமணமாகி இருபத்து நாலு வருடத்தில் அவர் ஒரு பந்தைத் தொட்டதில்லை.

"எப்பிடி வீசோணும்?" என்று கேட்டார்.

"கீழ குத்தி மேல வர மாதிரி. எடப்பக்கம்."

கோழிக்குத் தீவனம் வீசுவது போல வீசினார். ஒன்று தலைக்கு மேல் போனது. ஒன்று காலில் பட்டது. ஐந்தாவது சரியாக வந்தது. தள்ளினேன். பந்து பத்தடி தள்ளி விழுந்தது. வலி அக்குளில் மின்னியது. "போதுமா?" என்றார். "வாளி காலியாகட்டும்" என்றேன்.

இந்த விஷயம் தெரிந்து நங்கையா போனில் கூப்பிட்டார். "மறுபடியும் ஆடியே ஆகோணுமா சாமி? உசுரு பொழச்சதே போதாதா?"

"உசுரு பொழச்சது படுத்துக்கறதுக்குங்களா, நங்கையா?" என்று கேட்டேன். சரி, கைக்கு உறை போட்டுக்கொண்டு ஆடு என்றார் அவர். வீக்கம் வராமலிருக்க இறுக்கமான உறை ஒன்று போடச் சொல்லியிருந்தார்கள். அதைத்தான் சொன்னார்.

முழுதாகக் குணமாகிவிட்டேனா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. மாத்திரை ஐந்து வருடத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும். காலையில் மூட்டுகள் பிடித்துக்கொள்ளும். திடீரென்று உடம்பு நெருப்பாகக் கொதிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகும்போது வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அரைமணி நேரம் வாய் உலர்ந்துபோகும். போன தடவை பாப்பாத்தியும் வந்திருந்தாள். ஆறு மாதமாகத் தொரட்டி பிடிக்கிறாளாம். அவள் கை கொஞ்சம் வீங்கியிருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறாள். "இது கெடக்குதுங்க, ஆடு கொழுத்திருக்குது" என்றாள்.

சிகிச்சை தொடங்கிய பதினோராவது மாதம் மைதானத்துக்குப் போனேன். நூரு எதிரே நின்றாள். பந்து வந்தது, வலது பக்கம். அடுத்ததும் வலது பக்கம். பத்துப் பந்தும் வலது பக்கம். எனக்குப் புரிந்துவிட்டது. வலை வரைக்கும் நடந்து போனேன்.

"நூரு, எடப்பக்கம் போடு."

"மெதுவா ஆரம்பிக்கலாம்கா."

"டாக்டர் சொன்னத நீயும்தான் கேட்ட. இன்னும் உன் மனசுல அது இருக்குதா?"

அவள் மட்டை நரம்புகளை விரலால் சரிசெய்துகொண்டு நின்றாள். "அறிவுக்குத் தெரியுதுக்கா. கைக்குத் தெரியல."

"அப்பக் கைக்குத் தெரியற வரைக்கும் போடு."

போட்டாள். முதலாவதை வலையில் அடித்தேன். இரண்டாவது மட்டை விளிம்பில் பட்டு எங்கேயோ போனது. அன்று நாற்பது பந்தில் ஏழு எல்லைக்குள் விழுந்தன. நூரு பந்துகளைப் பொறுக்கினாள்.

அதற்கும் மூன்று மாதம் கழித்து, போன மாதம், ஒரு சின்னப் போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். முதல் சுற்றில் எங்களுக்கு எதிரே இருந்தவர்களுக்கு என் கதை தெரியும். அவர்களும் எல்லாப் பந்தையும் நூருவுக்கே போட்டார்கள். எனக்கு வந்தால் மெதுவாக, வலது பக்கம் வந்தது. மூன்று ஆட்டம் அப்படியே போனது. பக்கம் மாறும்போது நான் அவர்களை நிறுத்தினேன்.

"ஏனுங்க, எனக்கு எடப்பக்கமும் போடுங்க. போட்டுத் தோக்கடிங்க, பரவால்லை. இப்பிடி ஆடறதா இருந்தா நான் இப்பவே வெளிய போயர்றேன்."

அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஈவு இரக்கம் பார்க்கவில்லை. என் இடது பக்கத்தைக் குறிவைத்தே அடித்தார்கள். அப்படித்தான் அடிக்க வேண்டும். எதிரில் ஆடுபவர் அந்தப் பக்கம் பலவீனமானவர் என்றால் நானும் அதைத்தான் செய்வேன். சில பந்துகள் குட்டையாக விழுந்தன, சில வெளியே போயின. நாலு அடி மட்டும் பழைய மாதிரி கோட்டோரமாகப் போய் விழுந்தது. அந்த நாலுக்கும் கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. என் கணவர் மட்டும் எந்தப் பந்து நல்ல பந்து என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் தட்டிக்கொண்டிருந்தார்.

தோற்றோம். கடைசிப் புள்ளி எனக்கும் நூருவுக்கும் நடுவில் வந்தது. பேக்ஹேண்ட், என் பந்து. நான் அவள் எடுப்பாள் என்று விட்டுவிட்டேன். கைகுலுக்கிவிட்டு நாற்காலிக்கு வந்து உட்கார்ந்ததும் நூரு தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"என்னக்கா அது? நடுவுல வர்றது யார் பந்து? ஒன்பது வருஷமா யார் பந்து? பாத்துக்கிட்டு நிக்கறீங்க, மரம் மாதிரி. காலாச்சும் நகர வேண்டாமா?"

விடாமல் திட்டினாள். பக்கத்து மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வருடமாக என்னிடம் யாரும் குரலை உயர்த்தியதில்லை. என் மாமியார் வீட்டிலிருந்து மருந்துக்கடைக்காரர் வரைக்கும் எல்லோரும் கண்ணாடிப் பாத்திரத்தை எடுப்பது போலத்தான் பேசினார்கள்.

"கத்தாத நூரு" என்றேன். "நீ ரெண்டு சர்வீஸ் வலையில போட்டியே, அதை யாரு கேக்கறது?"

"அது வேற" என்றாள் அவள். கார் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே போனோம்.